என் மகளின் கழுத்தும் என் இடது காலும்

ஒரு புதன்கிழமை காலையில் என் மகள் பாயிலிருந்து எழுந்தபோது அவள் தலை வலது தோள் பக்கம் சாய்ந்திருந்தது, முகவாய் இடது பக்கம் திரும்பியிருந்தது. பத்து வயதுப் பெண். நான் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரையோடு, "என்ன கண்ணு, யாரை ஓரக்கண்ணால பாக்கற?" என்று கேட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"திரும்ப மாட்டேங்குதுப்பா" என்றாள்.

இந்த இடத்தில் ஒரு நல்ல தகப்பன் பல் விளக்குவதை நிறுத்தியிருப்பான். நான் நிறுத்தவில்லை. காரணம் திமிர். கொல்லிமலையில் எங்கள் வளப்பூர் நாட்டில் கழுத்துச் சுளுக்கு, இடுப்புப் பிடிப்பு என்றால் பாதிப் பேர் தேடி வருவது என்னைத்தான்.

நான் கால் வழியாகப் பிறந்தவன். மற்றவர்கள் தலையை நீட்டி உலகத்தை எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வருவார்கள். நான் தரை ஈரமாக இருக்கிறதா என்று காலை வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். அப்படிப் பிறந்தவன் இடது காலால் மூன்று தரம் தட்டினால் சுளுக்கு விலகும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. படித்து வாங்கிய பட்டம் இல்லை, பிரசவம் பார்த்த கிழவி கொடுத்த பட்டம். விடிகாலையில், வெறும் வயிற்றோடு, சுளுக்குப் பிடித்தவர் வந்து குப்புறப் படுப்பார். நான் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் மெல்லத் தட்டுவேன். மூன்று நாளில் சரியாகிவிடும். மூன்று நாளில் தானாகவே சரியாகிற சமாச்சாரம் அது என்பது எனக்கு எப்போதோ தெரியும். ஆனால் வாழைத்தாருடன் வந்து, "உங்க காலு பட்டதுங்க, பறந்து போச்சுங்க" என்று ஒருவர் சொல்லும்போது அவர் வாயை அடைக்கிற அளவுக்கு நான் உத்தமன் இல்லை.

மற்றபடி நான் வைத்தியனும் இல்லை, ஒன்றும் இல்லை. வாசலூர்பட்டிப் படகுத்துறைக்குப் பக்கத்தில் அன்னாசிப்பழம் அறுத்து உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கிறேன். வீட்டைச் சுற்றி நாற்பது ஐம்பது மரத்தில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறேன். சுற்றுலா வருகிறவர்களிடம் வாயாடி வாயாடி, வீட்டிலும் அதே வாய்.

முகம் கழுவிவிட்டு வந்து அவளைக் குப்புறப் படுக்கச் சொன்னேன். அவளால் குப்புறப் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே இருக்கட்டும் என்று, அவளைச் சுவரோரம் தரையில் உட்கார வைத்து, நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினேன். ஐம்பதை நெருங்குகிறவனுக்குக் கால் அந்த உயரம் எழுவதே ஒரு அதிசயம். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் மூன்று தரம் தொட்டேன். தட்டினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. மூன்றாவது தரம் அவள் "ஸ்" என்றாள்.

"போச்சா?"

"போகலப்பா."

"நாளைக்குப் போயிரும்" என்றேன், சர்க்கார் ஆபீசில் சொல்கிற மாதிரி.

அவளுக்கு அதற்கு முந்தின வாரம் முழுக்கக் காய்ச்சல். தொண்டைக்குள்ளே இரண்டு பக்கமும் வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல் கிடந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. மிச்ச மாத்திரையை என் மனைவி அலமாரியில் எடுத்து வைத்தாள், அடுத்த காய்ச்சலுக்கு ஆகும் என்று. நானும் தலையாட்டினேன். இதையெல்லாம் இப்போது வரிசையாக எழுதும்போது எனக்கே என் மேல் ஒரு புகார் மனு எழுதலாம் போலிருக்கிறது. அன்றைக்கு எங்கள் இருவர் மண்டையிலும் தொண்டை வேறு, கழுத்து வேறு. தொண்டை முன்பக்கம், கழுத்து பின்பக்கம். நடுவில் நல்ல தூரம்.

வியாழக்கிழமை போகவில்லை. வெள்ளிக்கிழமையும் போகவில்லை. அவள் தலை அப்படியே சாய்ந்தே இருந்தது, மரக்கிளையில் உட்கார்ந்த குருவி எதையோ உற்றுக் கேட்பது போல. நேராக்கப் பார்த்தால் அழுதாள். தூக்கம் இல்லை. சோற்றை ஒரு பக்கமாக வாங்கிக்கொண்டாள். நான் அன்னாசியை அறுத்துக்கொண்டே அவளைப் பற்றி நினைத்து, ஒரு பழத்தைத் தோலோடு அறுத்து ஒரு சேலத்துக்காரர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் கேட்கவும், "தோல்லதாங்க சத்து" என்றேன். வாய் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கண் மட்டும் வீட்டுப் பக்கமே போய்ப் போய் வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மனைவி வேறு ஆளை முடிவு செய்துவிட்டாள். "ஏனுங்க, உங்க காலுக்கு இது கேக்கறதா இல்ல. எங்கண்ணனுக்குச் சொல்லி உட்டுருக்கறேன். காலையில வாராரு."

அவள் அண்ணன், என் மச்சான், மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டியில் கட்டட மேஸ்திரி. அவர் கையிலும் ஒரு வித்தை உண்டு. மூட்டை தூக்கிக் கழுத்துப் பிடித்த ஆட்களை உட்கார வைத்து, தாடையில் ஒரு கை, பின்மண்டையில் ஒரு கை வைத்து, "அங்க யாரு வாரா பாரு" என்று சொல்லிக்கொண்டே ஒரு வெட்டு வெட்டுவார். 'மடக்' என்று நெட்டி விழும். ஆள் எழுந்து அடுத்த மூட்டையைத் தூக்கப் போய்விடுவான். என் காலுக்கும் அவர் கைக்கும் ரொம்ப நாளாகப் போட்டி. கல்யாண வீடுகளில் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். வந்ததும் தங்கச்சியிடம் கேட்டது, "மாப்ள காலத் தூக்குனாராக்கும்?"

"தூக்குனாரு, தூக்குனாரு. மூணு நாளாச்சு."

"காலு செருப்புப் போடறதுக்கு, மாப்ள" என்றார் என்னைப் பார்த்து. "எண்ணெய எடுத்தா தங்கச்சி."

நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கொடுத்தாள். அவர் உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு என் மகளை முக்காலியில் உட்கார வைத்தார். செங்கல் தூக்கிக் காய்த்துப்போன கை. அந்தக் கை அவள் தாடையின் கீழே போனபோது அவள் முகமே அதற்குள் மறைந்துவிட்டது. இரண்டு கண் மட்டும் வெளியே தெரிந்தது. ஏற்கெனவே ஒரு பக்கமாகத் திரும்பியிருந்த முகம் ஆதலால், அந்தக் கண் நேராக என்னைப் பார்த்தது.

"அப்பா, வேண்டாங்கப்பா" என்றாள். கத்தவில்லை. அதுதான் எனக்கு ஆகவில்லை.

இங்கே ஒரு வீரத் தகப்பன் பாய்ந்து கையைத் தட்டிவிட்டிருப்பான். எனக்கு மச்சானிடம் சண்டை போடத் தைரியம் இல்லை. அவர் செய்வது தப்பு என்று சொல்லவும் எனக்கு ஒன்றும் தெரியாது. பயம் மட்டும் தெரிந்தது. பயம் வந்தால் நான் வேடிக்கை பண்ணுவேன், சின்ன வயதிலிருந்து அதுதான் வழக்கம். சட்டென்று இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"மச்சான், முதல்ல எனக்கு எடுங்க. புள்ள பாத்துக்கட்டும். வலிக்காதுன்னு தெரிஞ்சாத்தான பயப்படாது?"

"உனக்கென்ன கழுத்துல?"

"ரெண்டு நாளா எனக்கும் ஒரு மாதிரி இருக்குதுங்க." பொய். என் கழுத்து எருமைக் கழுத்து.

மச்சானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருடம் கழித்துக் கால் வந்து கையிடம் தலையைக் கொடுக்கிறது. அவளை விட்டுவிட்டு என் தாடையைப் பிடித்தார். "அங்க யாரு வாரா பாரு" என்றார். யார் வருகிறார்கள் என்று நான் நிஜமாகவே பார்த்தேன். ஒரு வெட்டு.

நெட்டி விழவில்லை. வேறு ஏதோ விழுந்தது. காதுக்குப் பின்னாலிருந்து தோள்பட்டை வரைக்கும் ஒரு கம்பியைச் சூடாக்கி இழுத்த மாதிரி இருந்தது. நான் போட்ட கூச்சலில் பலாமரத்தில் இருந்த குரங்குகள் கலைந்தன. கண் திறந்து பார்த்தால் என் தலை இடது பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. மகள் வலப்பக்கம், நான் இடப்பக்கம். கதவுக்கு இரண்டு பக்கமும் வைக்கிற பொம்மை மாதிரி.

மச்சான் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தார். "நீ ஆடிட்ட மாப்ள" என்றார். பிறகு என் மகள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எதுக்கும் ஒரு ஊசி போட்டுக்கிட்டு வந்துருங்க" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார். பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

ஆகவே சுகாதார நிலையத்துக்கு நாங்கள் போனது என் கழுத்துக்காக. இதை நான் ஒளிக்கப் போவதில்லை. என் கழுத்துக்கு ஊசி போடத்தான் போனோம். மகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கூடவே காட்டிவிடலாம் என்று மனைவி சொன்னாள். நான் முதலில் உள்ளே போய் நர்ஸம்மாவிடம் என் கதையை ஆரம்பித்தேன். அந்த அம்மா என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு, என் தோளுக்கு மேலாகப் பின்னால் நின்ற என் மகளைப் பார்த்தார்.

"இந்தப் புள்ளதான போன வாரம் தொண்டை வீங்கி வந்துது?"

"ஆமாங்க. அது சரியாப் போச்சுங்க. இது சுளுக்குங்க. எனக்குத்தான்..."

"நீங்க கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க."

அவளை உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். நெற்றியில் கை வைத்தார். லேசாகச் சுட்டது. எங்களுக்கு அதுகூடத் தெரியவில்லை. எப்போதிருந்து கழுத்து இப்படி என்று கேட்டார். புதன்கிழமை என்றதும் அவர் முகம் மாறியது. உள்ளே இருந்த டாக்டரிடம் ஓடினார். இரண்டு பேரும் வந்தார்கள். டாக்டர் அவள் கழுத்தைத் தொடவே இல்லை. இரண்டு கையையும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். காலை ஒவ்வொன்றாகத் தூக்கச் சொன்னார். பாதத்தில் பேனாவால் கோடு கிழித்தார். பிறகு எங்களைப் பார்த்து, "யாரும் கழுத்தைத் தொடாதீங்க. நீவாதீங்க, திருப்பாதீங்க. உடனே கீழ நாமக்கல் போய் ஸ்கேன் எடுக்கணும்" என்றார்.

"சுளுக்குக்கா டாக்டர்?" என்றேன்.

"சுளுக்கா இருந்தா சந்தோஷம்."

அந்த மூன்று வார்த்தைக்குப் பிறகு எனக்கு என் கழுத்து மறந்துபோனது. வலி போகவில்லை, அதைக் கவனிக்க ஆள் இல்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. அவளை முதுகுப் பலகையில் நேராகப் படுக்க வைத்து, அவள் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அப்படியே விட்டு, இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்து, நெற்றிக்குக் குறுக்கே பட்டை ஒட்டினார்கள். நர்ஸம்மா என்னிடம் சொன்னார்: "கையில, கால்ல மரத்த மாதிரி மதமதன்னு இருக்குதான்னு கேட்டுக்கிட்டே வாங்க. கைக்கும் காலுக்கும் போற நரம்பெல்லாம் கழுத்து வழியாத்தான் போகுது." இதை அவர் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. வேலை என்று எதையாவது என்னிடம் கொடுத்தால் நான் அதை அளவோடு செய்கிறவன் இல்லை.

மனைவி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். டிரைவர் படுத்திருந்த மகளையும் தலை சாய்ந்து நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க, பேஷண்ட்டு யாருங்க?" என்றார் என்னிடம்.

கொல்லிமலையிலிருந்து கீழே இறங்கும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பலகையில் எண் போட்டிருப்பார்கள். மேலிருந்து எழுபதில் தொடங்கிக் குறைந்துகொண்டே போகும். சுற்றுலா வருகிறவர்களிடம் அந்த எழுபதையும் நானே வெட்டின மாதிரி பெருமை பேசியிருக்கிறேன். அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும், இந்த ரோட்டைப் போட்டவர் ஒரே ஒரு தரம் நேராகக் கோடு போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. வண்டி மெதுவாகத்தான் போயிற்று. இருந்தாலும் திரும்பும்போதெல்லாம் நான் அவள் தலையைப் பார்த்தேன். பட்டை விடுகிறதா, துண்டு நகர்கிறதா. பார்ப்பதற்கு நான் என் கழுத்தைத் திருப்ப முடியாது என்பதால் இடுப்போடு உடம்பு மொத்தத்தையும் திருப்பினேன்.

"கால அசை கண்ணு."

அசைத்தாள்.

"கைய?"

அசைத்தாள்.

"மதமதன்னு இருக்குதா?"

"இல்லப்பா."

அடுத்த வளைவில் மறுபடியும். அறுபத்தைந்து. அறுபத்து நாலு. அவளுக்கு மேலே வண்டியின் கூரை மட்டும்தான் தெரிந்தது. "எத்தனாவதுப்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் சொன்னேன். ஐம்பதைத் தாண்டியதும் அவளே, "அப்பா, வளைவுக்கு ஒருக்காக் கேளுங்க. நடுவுல எல்லாம் கேக்காதீங்க. காலு வலிக்குது" என்றாள். கால் வலிக்கிறதா! நான் எழுந்து டிரைவரைத் தட்டப் போனேன். கூட வந்த ஆம்புலன்ஸ் பெண் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "அண்ணா, இத்தனை தரம் அசைச்சா யாருக்குமே வலிக்கும்."

பிறகு எனக்கு வேறொரு கவலை பிடித்தது. படுத்தபடி அவளுக்கு வாந்தி வந்தால்? அதைக் கேட்டேன். அப்படி வந்தால் ஆளையே மரம் மாதிரி ஒரே பக்கமாகச் சாய்க்க வேண்டும், தலையை மட்டும் திருப்பக் கூடாது என்று அந்தப் பெண் விளக்கி, ஒரு பையை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் மலையில் பிறந்து வளர்ந்தவன். இந்த ரோட்டில் பஸ்ஸின் கூரை மேல் பலாப்பழத்தோடு உட்கார்ந்து போனவன். ஒரு நாளும் எனக்குத் தலை சுற்றியதில்லை. பத்தொன்பதாம் வளைவில் அந்தப் பையில் நான் வாந்தி எடுத்தேன். என் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அப்பா, உங்களுக்கு மதமதன்னு இருக்குதா?" என்றாள் கூரையைப் பார்த்துக்கொண்டே.

நாமக்கல்லில் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு டாக்டர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர் இருப்பார். படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். எனக்கு எல்லா எலும்பும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. அவர் பொறுமையாகச் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். மண்டை உட்கார்ந்திருக்கிற முதல் எலும்பு ஒரு வளையம். தண்ணீர்க் குடத்துக்கு அடியில் தலையில் வைக்கிற சும்மாடு போல. இரண்டாவது எலும்பில் ஒரு முளை உண்டு. வளையம் அந்த முளையைச் சுற்றித் திரும்புவதால்தான் நாம் தலையை இப்படி அப்படித் திருப்புகிறோம். வளையமும் முளையும் விலகாமல் நார் நாராகக் கட்டு உண்டு. அந்தக் கட்டு தொண்டைக்கு நேர் பின்னால் இருக்கிறது. தொண்டையில் வந்த கிருமியின் வீக்கம் பின்பக்கம் ஊறிப்போய்க் கட்டைத் தளர்த்திவிட்டது. தூக்கத்தில் தலை திரும்பியபோது வளையம் நழுவி, திரும்பின இடத்திலேயே மாட்டிக்கொண்டுவிட்டது. அபூர்வமாகத்தான் வருமாம், குழந்தைகளுக்குத்தான் அதிகமாம்.

தொண்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் நான் போட்டு வைத்திருந்த தூரம் ஒரு விரல்கடை அளவுகூட இல்லை.

"நரம்புக்கு ஒண்ணும் ஆகலை. சீக்கிரம் வந்துட்டீங்க" என்றார் டாக்டர். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு, "வீட்டுல யாராவது கழுத்தைத் திருப்புனீங்களா? நெட்டி எடுக்கறேன்னு ஏதாவது?" என்று கேட்டார்.

என் மனைவி தரையைப் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றேன். "திருப்பலீங்க."

"நல்லது."

"மிதிச்சேங்க."

பேனா நின்றுவிட்டது. "என்னது?"

"கழுத்துலங்க. இடது காலுங்க. மூணு தரங்க. மெதுவாங்க. நான் கால் வழியாப் பொறந்தவனுங்க." சொல்லச் சொல்ல ஒவ்வொரு வார்த்தையும் முந்தினதைவிடக் கேவலமாக இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. "மூணாவது தரம் 'ஸ்'னு சொல்லுச்சுங்க. அதுலதாங்க போயிருக்குமா?"

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் எப்போதும் பேசுகிற வாயோடுதான் பேசினேன், ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தலை வேறு ஒரு பக்கம் சாய்ந்திருந்ததால் அது மூக்கைத் தாண்டி மறு கண்ணுக்குள் போயிற்று. அழுவதிலும் எனக்கு ஒரு ஒழுங்கு கிடையாது.

"உங்க கால் பண்ணினது இல்லை இது. அதுக்கு முன்னாடியே நழுவியிருக்கு" என்றார். "ஆனா நீங்க பண்ணினது சரின்னு சொல்ல மாட்டேன். கட்டு தளர்ந்த கழுத்தை வேகமா ஒரு வெட்டு வெட்டியிருந்தா, இப்ப நான் உங்ககிட்ட வேற விதமாப் பேசிட்டு இருப்பேன்." என் சாய்ந்த தலையைப் பார்த்து, "இது யாரு பண்ணினது?" என்றார்.

"மச்சானுங்க."

அவர் எனக்கும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அவளுக்கு முகவாய்க்கடியில் ஒரு தோல்பட்டை கட்டி, அதிலிருந்து கயிறு எடுத்து, கட்டிலின் தலைமாட்டில் உருளை மேல் விட்டு, எடை தொங்கவிட்டார்கள். நரம்பில் மருந்து ஏறியது. இறுகிப்போன சதை மெல்ல மெல்ல இழுவைக்கு இணங்கினால் வளையம் தானாகத் தன் இடத்துக்கு வரும், வராவிட்டால் ஆபரேஷன் என்றார்கள். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. என் மனைவி முதல் நாளே அந்தக் கட்டிலோரம் ஒரு இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உட்காரத் தெரியவில்லை. வார்டுக்கும் டீக்கடைக்கும் நடந்தேன். தொங்குகிற எடையை எண்ணிப் பார்த்தேன். கயிறு தேய்கிறதா என்று குனிந்து பார்த்து, அதில் என் தோள் இடித்து, எடை ஆடியது. வார்டு சிஸ்டர் ஓடி வந்து, "ஐயா, நீங்க வெளியில இருங்க, கூப்பிடறோம்" என்றார். அன்றிலிருந்து எனக்கும் அந்தக் கட்டிலுக்கும் இரண்டடி தூரம் விதித்துவிட்டார்கள்.

இரண்டடி தள்ளி நின்று நான் அவளுக்குக் கதை சொன்னேன். சேலத்துக்காரர் தோலோடு அன்னாசி தின்ற கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கப் போய், பட்டை இழுத்து, வலித்து, "சிரிக்க வைக்காதீங்கப்பா" என்றாள். எனக்குத் தெரிந்த ஒரே தொழிலும் போயிற்று. பிறகு வெறுமனே நின்றேன். ஒரு மனிதன் வேடிக்கை பண்ணாமல், நடக்காமல், எதையும் தொடாமல் ஒரு இடத்தில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கேதான் தெரிந்தது.

ஆறாம் நாள் காலையில் மனைவி தலை சீவிவிட வகிடு எடுக்கும்போது, வகிடு நேராக வந்தது. அவள்தான் முதலில் பார்த்தாள். "ஏனுங்க, இங்க வாங்க" என்றாள். நான் இரண்டடி தூரத்தை மறந்து ஓடினேன். மகளின் மூக்கும் முகவாயும் தொண்டைக்குழியும் ஒரே கோட்டில் இருந்தன. மறுபடி ஸ்கேன் எடுத்து, வளையம் உட்கார்ந்துவிட்டது என்றார்கள். கழுத்துக்கு ஒரு கெட்டிப் பட்டை போட்டு, வாரக் கணக்கில் கழற்றவே கூடாது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த வாரங்களை நான் எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். பட்டைக்குள் கொசு போயிருக்குமா என்று பயந்தேன். அவள் படியில் இறங்கினால் முன்னால் ஓடி நின்றேன். மனைவி என்னைக் கடைக்குத் துரத்தினாள். கடையிலிருந்து நாலு தரம் போன் பண்ணினேன். பள்ளிக்கூடத்தில் அவளை எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்களாம். திரும்ப முடியாததால் யாராவது கூப்பிட்டால் உடம்போடு மொத்தமாகத் திரும்பி நிதானமாகப் பார்ப்பாளாம். வகுப்பே அவளுக்குப் பயந்தது என்றாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்.

பட்டையைக் கழற்றின அன்று டாக்டர் ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக் கொடுத்தார். மாத்திரையை நடுவில் நிறுத்தக் கூடாது. தொண்டை வலியோ காய்ச்சலோ வந்து கழுத்து பிடித்தால் அதே நாள் வந்துவிட வேண்டும். மற்றபடி ஓடலாம், ஆடலாம். எனக்கு முன்பாதி மட்டும்தான் காதில் விழுந்தது.

சுளுக்குக்கு இன்னும் ஆட்கள் வருகிறார்கள். நான் காலைத் தூக்குவதற்கு முன்னால், "காய்ச்சல் இருந்துதா, தொண்டை வலிச்சுதா, எத்தனை நாளாச்சு?" என்று கேட்கிறேன். குழந்தைகளாக இருந்தால் காலைத் தூக்குவதே இல்லை. நேராக நர்ஸம்மாவிடம் போகச் சொல்கிறேன். "என்னங்க, பெரிய டாக்டராட்டம்" என்று ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். மச்சானிடமும் முழுக்கச் சொன்னேன். அவர் வெகுநேரம் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நீ முக்காலிய இழுத்துப் போடலைன்னா மாப்ள..." என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை. நாங்கள் இருவருமே அந்த வாக்கியத்துக்கு இன்னும் பக்கத்தில் போகவில்லை.

போன வாரம் மழை விடாமல் பெய்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அவள், "தொண்டை கரகரங்குதுப்பா" என்றாள். நான் அடுத்த நிமிடம் சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்கேன் படங்களை எல்லாம் பையில் திணித்து, இரண்டு துண்டையும் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டேன். மனைவியும் செருப்பைத் தேடினாள். நர்ஸம்மா தொண்டையைப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பச் சொன்னார். "வெறும் சளிங்க. வெந்நீர் குடுங்க. அந்தத் துண்டு எதுக்குங்க?"

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. அவள் எங்களுக்கு முன்னால் நடந்தாள். இடது பக்கம் ஒரு மரத்தில் குரங்கு, அங்கே பார்த்தாள். வலது பக்கம் மரவள்ளிக் காட்டில் யாரோ கூப்பிட்டார்கள், அங்கே பார்த்தாள். மேலே பார்த்தாள், குனிந்து எதையோ பொறுக்கினாள். ஒரு நொடி ஒரு இடத்தில் நிற்காத கழுத்து.

"மெதுவாக் கண்ணு" என்றேன்.

அவள் நடந்துகொண்டே தலையை மட்டும் முழுசாகப் பின்னால் திருப்பி, தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "என்னப்பா?"

"ஒண்ணுமில்ல சாமி. முன்னாடி பாத்து நட."